போக வேற இடம் இருந்தா: நாகர்கோவில் பக்கம் ஒரு சுத்து

வெள்ளி ராத்திரி, நாகர்கோவில்

இது சூரிய உதயம் பாக்குற ட்ரிப் இல்ல, முதல்லயே சொல்லிடுறேன். விவேகானந்தர் பாறை போட்டோ எதிர்பாத்து வந்தவங்க இப்பவே கெளம்பிடலாம் 😀

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குற ஒரு விஷயத்துக்காகத்தான் இங்க வந்தேன். 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுலயே படிப்பறிவு அதிகமான மாவட்டம் கன்னியாகுமரி, கிட்டத்தட்ட 92 சதவீதம். அதே ஊர் 200 வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பாத்தா தலை சுத்தும். அப்ப இது திருவிதாங்கூர் ராஜ்யம். பனையேறுற சாணார் (இன்னைக்கு நாடார்) ஜாதிக்காரங்க குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, தங்க நகை போடக் கூடாது, மாடி வச்சு வீடு கட்டக் கூடாது, பொம்பளைங்க தண்ணிக்குடத்த இடுப்புல வைக்கக் கூடாது, மேல துணி போடக் கூடாது. சர்க்கார் கூப்பிட்டா கூலி இல்லாம ஊழிய வேலைக்குப் போகணும். அவங்களுக்கும் கீழ புலையர், பறையர்னு நெலத்தோட சேத்து விக்கப்பட்ட அடிமைகள் வேற.

அங்கேர்ந்து இங்க எப்படி வந்துச்சு? யார கேட்டாலும் ஒரு வரி பதில் ரெடியா வச்சிருக்காங்க. வெள்ளைக்காரன் செஞ்சான்னு ஒருத்தர், மகாராஜா நல்லவர்னு இன்னொருத்தர், அய்யா வழின்னு (வைகுண்டர் ஆரம்பிச்ச மார்க்கம்) ஒருத்தர், காமராஜர்னு ஒருத்தர். ட்ரெயின்ல எதிர் சீட்ல வந்த அண்ணாச்சி திருநெல்வேலி வர்றதுக்குள்ள நாலையும் சொல்லிட்டாரு.

நாளையிலேர்ந்து சுத்தணும். காலேஜ் பிரெண்ட் வீட்லதான் தங்கல். ராத்திரி சம்பா அரிசி சோறு, தீயல், மீன் பொரிச்சது. இதுக்கு மேல இன்னைக்கு எழுத முடியாது.

சனிக்கிழமை

காலைல ஹோம் சர்ச். 1819ல அடிக்கல் போட்டது, கட்டுனவர் சார்லஸ் மீட்னு ஒரு லண்டன் மிஷன் பாதிரியார். திருவிதாங்கூரோட முதல் அச்சுக்கூடமும் அவர் இந்த ஊர்லதான் போட்டாரு. உள்ள நல்ல காத்து, பெரிய பெரிய தூண், வெளில ஸ்கூட்டி கூட்டம்.

ஆனா நான் உண்மையிலேயே பாக்க வந்தது பிரெண்டோட அத்தைய. அவங்களுக்கு எழுபதுக்கு மேல வயசு, இன்னும் லேஸ் பின்றாங்க (ரேந்தைன்னும் சொல்லுவாங்க). உருண்டையா கெட்டியா ஒரு தலையணை, அதுமேல ஓட்டை குத்துன அட்டைல டிசைன், ஒவ்வொரு ஓட்டைலயும் குண்டூசி, நூல் சுத்துன குச்சிங்க வரிசையா தொங்குது. ரெண்டு கையாலயும் குச்சிய அப்படி இப்படி மாத்தி மாத்திப் போடுறாங்க, டக்கு டக்குனு சத்தம், கண்ணு என் மூஞ்சிலதான் இருக்கு, குச்சிய பாக்கவே இல்ல. பத்து நிமிஷம் உக்காந்து பாத்தேன், ஒரு விரல் அகலம் கூட வளரல. "எவ்ளோ அத்தை கெடைக்கும்?"னு கேட்டா சிரிக்கிறாங்க. "இப்போ என்னத்த மக்ளே கெடைக்கும், கை சும்மா இருக்க மாட்டேங்கு, அதுக்கு செய்யேன்."

இத இங்க கொண்டு வந்தது மார்த்தா மால்ட், இன்னொரு மிஷனரியோட மனைவி, 1820கள்ல. மிஷன் போர்டிங் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு இத கத்துக் குடுத்தாங்க. லேஸ் வாங்குனது வெள்ளைக்காரக் குடும்பங்க, காசு கைக்கு வந்துச்சு. அந்தப் பொண்ணுங்கள்ல அடிமைங்களும் இருந்தாங்க, லேஸ் காசுல தங்களையே விலைக்கு வாங்கி விடுதலை ஆனவங்க உண்டுன்னு மிஷன் பதிவுகள்ல இருக்கு. ஜமீனும் ராஜாவும் பாத்துக் குடுக்காத காசு அது, எங்கயோ ஒரு துரைசானி கவுன்ல தொங்குறதுக்காக வந்த காசு. எனக்கு சர்ச் கோபுரத்த விட இந்தத் தலையணைதான் பெரிய விஷயமா தெரியுது.

சரி, தோள்சீலைப் போராட்டம், அதாவது சாணார் பொம்பளைங்க தோள் மேல துணி போடுற உரிமைக்காக நடந்தது. வாட்ஸ்அப்ல சுத்துற கதைல எல்லாம் 'முலைவரி'தான் ஹீரோ. அந்த வரி இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா ஆம்பளைக்குத் தலைவரி, பொம்பளைக்கு அது, ரெண்டும் ஆளுக்கு இவ்ளோன்னு போட்ட வரிதான். நாகர்கோவில் பக்கம் சண்டை நடந்தது வரிக்காக இல்ல, துணிக்காக. அப்ப மேல் உடம்ப மூடாம இருக்குறது இங்க எல்லா ஜாதிலயும் உண்டு, நாயர் பொம்பளைங்களும் நம்பூதிரி முன்னாடி தோள் துணிய எடுத்துடணும். யார் முன்னாடி யார் எடுக்கணும்ங்கிறதுதான் கணக்கே. சாணார் பொம்பளை எல்லார் முன்னாடியும் எடுக்கணும், அதாவது போடவே கூடாது.

1810கள்ல கர்னல் மன்றோ, ரெசிடெண்டா (ராஜ்யத்துல இருந்த பிரிட்டிஷ் கம்பெனியோட பிரதிநிதியா) இருந்தவர், கொஞ்ச நாள் திவானாவும் இருந்தாரு, கிறிஸ்தவத்துக்கு மாறுன பொம்பளைங்க சட்டை போட்டுக்கலாம்னு உத்தரவு போட்டாரு. சட்டைன்னா குப்பாயம், சிரியன் கிறிஸ்தவப் பொம்பளைங்க போடுற மாதிரி. ஆனா இவங்க அதோட நிக்கல, நாயர் பொம்பளைங்க மாதிரி தோள்சீலையும் போட்டாங்க. அங்கதான் அடி விழுந்துச்சு. சந்தைல துணிய கிழிச்சாங்க, பள்ளிக்கூடம், சர்ச் எரிஞ்சுது. 1829ல ராணி பேர்ல ஒரு விளம்பரம் (அரசு அறிவிப்பு), குப்பாயம் ஓகே தோள்சீலை கூடாதுன்னு. அதையும் இவங்க கேக்கல. திரும்ப 1858, 59ல பெரிய கலவரம். மெட்ராஸ் கவர்னர் ட்ரெவெல்யன் அழுத்தம் குடுக்க, 1859 ஜூலை 26 உத்திரம் திருநாள் மகாராஜா ஒரு விளம்பரம் போட்டாரு: சாணார் பொம்பளைங்க எந்த மதமா இருந்தாலும் மேல துணி போட்டுக்கலாம், ஆனா மேல்ஜாதிக்காரங்க மாதிரி போடக் கூடாது.

அந்த 'ஆனா'வ கவனிங்க. அப்பக்கூட மனசு வரல பாருங்க.

எனக்குப் பட்டது இதுதான். சட்டம் வர்றதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே பொம்பளைங்க துணி போட்டாச்சு. அதுக்கு தைரியம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, போறதுக்கு வேற ஒரு இடம் இருந்துச்சு. வேற மதம், அங்க ஒரு பள்ளிக்கூடம், அடிச்சா ரெசிடெண்டுக்கு லெட்டர் எழுத ஒரு ஆளு. 1830களுக்கு அப்புறம் சிலோன்ல காப்பித் தோட்டம் வந்ததும் இன்னொரு வாசலும் தெறந்துச்சு, தூத்துக்குடில போட் ஏறுனா ஊழியம் கெடையாது, கையில கூலி. ஆள் போயிடுவான்னு பயம் வந்தாத்தான் நாட்டாமை எறங்கி வருவான். இது நாளைக்கும் நிக்குதான்னு பாப்போம்.

ஞாயிறு

காலைல மயிலாடி. பஸ்ஸ விட்டு எறங்குனாலே உளி சத்தம், தெரு முழுக்க கல் சிற்பப் பட்டறை. பாதி முடிஞ்ச பிள்ளையார், பக்கத்துல தலையில்லாத ஒரு அரசியல்வாதி, அதுக்கும் பக்கத்துல சிலுவை. ஆர்டர் குடுத்தா எந்த சாமியும் கெடைக்கும். மெயின் ரோட்டுல ரசவடை சாப்பிட்டேன், வடைய ரசத்துல ஊறப்போட்டுக் குடுக்குறாங்க, ஒரு பிளேட்டோட நிறுத்த முடியாது.

தென் திருவிதாங்கூர் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையோட ஆரம்பமே இந்த ஊர்தான். ஆரம்பிச்சது வெள்ளைக்காரன்னு நெனைப்போம், இல்ல. மகாராசன்னு இந்த ஊர்க்காரர், சாம்பவர் (பறையர்) ஜாதி. சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர் போற வழில தஞ்சாவூர்ல மிஷனரிகள பாத்து வேதமாணிக்கம்ங்கிற பேரோட திரும்பி வந்தாரு. அவர் போய் கூப்பிட்டதாலதான் ரிங்கல்தௌபேங்கிற ஜெர்மன்காரர் 1806ல இங்க வந்தாரு, 1809ல சர்ச்சுக்கு அடிக்கல் போட்டாங்க. அப்புறம்தான் சாணார்ங்க பெரிய கூட்டமா சேந்தாங்க. சேந்ததும் என்ன ஆச்சுன்னா, முதல்ல வந்த சாம்பவர்ங்க பக்கத்துல உக்காரவே யோசிச்சாங்க. மிஷன் ரிப்போர்ட்லயே பாதிரிங்க இதப் பத்திப் பொலம்பிருக்காங்க. மேல ஏறுறவன் ஏணிய கையோட எடுத்துட்டுப் போறது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல.

மத்தியானம் சாமித்தோப்பு, அய்யா வழிக்காரங்களோட முக்கியமான இடம். ஞாயிறுங்கிறதால செம கூட்டம். நான் எதிர்பாத்தது ஒரு கோயில். ஆனா உள்ள சிலையே இல்லங்க. ஆம்பளைங்க சட்டைய கழட்டிட்டு தலைல துண்ட தலைப்பாகையா கட்டிக்கணும். எனக்குக் கட்டத் தெரியல, பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் எதுவுமே கேக்காம என் தலைய இழுத்து துண்ட ரெண்டு சுத்து சுத்தி முறுக்கிச் சொருகி விட்டாரு. நெத்தில வெள்ள நாமம், தீபம் மாதிரி நிமிந்து நிக்கும். பள்ளியறை முன்னாடி போனா அங்க விளக்கு, நடுவுல ஒரு கண்ணாடி. கும்புடுறப்போ தெரியுறது நம்ம மூஞ்சி, அதுவும் தலைப்பாகையோட.

இந்தத் தலைப்பாகைதான் மேட்டரே. கீழ்ஜாதி ஆம்பளை தலைல துணி கட்டக் கூடாது, மேல்ஜாதிக்காரன் வந்தா தோள்ல கெடக்குற துண்ட எடுத்து இடுப்புல கட்டணும்னு இருந்த ஊர்ல, சாமி கும்புடணும்னாலே தலைப்பாகை கட்டித்தான் ஆகணும்னு ஒருத்தர் மாத்தி வச்சாரு. அவர்தான் அய்யா வைகுண்டர், 1809லேர்ந்து 1851 வரை. முன்னாடி பேரு முத்துக்குட்டி, பனையேறுற குடும்பம். 1833ல திருச்செந்தூர் கடல்ல எறங்கி வைகுண்டரா வெளிய வந்தார்ங்கிறது நம்பிக்கை. எல்லா ஜாதிக்கும் ஒரே கெணறுன்னு முத்திரிக் கெணறு வெட்டுனாரு, அதுல இன்னைக்கும் பதம் விட்டுட்டுத்தான் (அதாவது குளிச்சுட்டுத்தான்) உள்ள போறாங்க. துவையல் பந்தின்னு சொல்லி 700 குடும்பத்த கடலோரம் கூட்டிட்டுப் போய் துணி துவைக்க, தெனம் குளிக்க, ஒரே பந்தில உக்காந்து சாப்பிட பழக்குனாரு. ராஜாவ கலிநீசன்னாரு, வெள்ளைக்காரன வெண்ணீசன்னாரு. சுவாதித் திருநாள் காலத்துல திருவனந்தபுரத்துல ஜெயில்ல போட்டாங்க.

நேத்து நான் சொன்ன கணக்கு இங்க கொஞ்சம் இடிக்குதுன்னு ராத்திரி பிரெண்ட் கேட்டான், "இவரு எங்கேயும் போகலயே, ஊர்லயே இருந்தாரே"ன்னு. யோசிச்சுப் பாத்தேன். சர்ச்சுக்குப் போறதுக்கு மனசில்லாதவங்களுக்கு, கோயிலுக்குள்ள விடாதவங்களுக்கு, ஊருக்குள்ளயே மூணாவதா ஒரு வாசல் போட்டாரு. நிழல் தாங்கல்னு சின்னச் சின்ன வழிபாட்டு இடம் ஊருக்கு ஊரு கட்டுனாங்க, அங்கயே பசங்களுக்குப் படிப்பும் நடந்துச்சு. அந்தப் பக்கம் பாதிரிங்களுக்கு இவர் மேல செம கடுப்பு, ஆள் இந்தப் பக்கம் போறான்னு. பாதிரி ஒரு பக்கம் ஸ்கூல் கட்ட, அய்யா ஒரு பக்கம் தாங்கல் கட்ட, ரெண்டு பேரும் போட்டி போட்டதுல லாபம் பனையேறிக்கு.

சாப்பாடு அங்கயே அன்னதர்மம். இலை இல்ல, தட்டு. பக்கத்துல உக்காந்தவரு யாரு என்னன்னு ஒருத்தரும் கேக்கல.

திங்கள்

பத்மநாபபுரம் அரண்மனைக்கு திங்கக்கிழமை லீவு, அதனால இன்னைக்கு சுசீந்திரமும் தேரூரும்.

சுசீந்திரம் கோயில பத்தி எல்லாரும் எழுதியாச்சு. இசைத்தூண், ஆஞ்சநேயர், வடமாலை. நான் கோயில சுத்தியிருக்குற ரோட்டுலதான் நெறைய நேரம் நடந்தேன். இந்த ரோட்டுல நடக்குற உரிமைக்காக 1926லயும் 1930லயும் சத்தியாகிரகம் நடந்துச்சு. வைக்கம் எல்லாருக்கும் தெரியும், பெரியார் போனதால. சுசீந்திரம் நம்ம பக்கத்து ஊர், நமக்கே தெரியாது. இப்ப அதே ரோட்டுல பொம்மைக் கடை, செருப்பு விடுற ஸ்டாண்ட், ஐயப்ப சீசன்ல நிக்க எடம் கெடைக்காது.

கோயில் கதவு தெறந்தது 1936 நவம்பர் 12. சித்திரைத் திருநாள் மகாராஜா, திவான் சர் சி.பி.ராமசாமி ஐயர். அந்த விளம்பரத்த மகாராஜாவோட பெரிய மனசுன்னு ஸ்கூல்ல படிச்சோம். ஆனா அதுக்கு முந்துன வருஷம் 1935ல அம்பேத்கர் யேவலாவுல 'இந்துவா சாக மாட்டேன்'னு சொல்லிட்டாரு. திருவிதாங்கூர்ல ஈழவர்ங்க, ராஜ்யத்துலயே பெரிய கூட்டம், மதம் மாறிடலாமான்னு வெளிப்படையா பேசிட்டு இருந்தாங்க. அவங்க மொத்தமா மாறுனா இந்து ராஜ்யம்னு சொல்லிக்க ஆள் இருக்காது. மகாராஜா நல்லவரா இருந்துருக்கலாம், நான் இல்லங்கல, ஆனா நல்ல மனசு 1931ல ஆட்சிக்கு வந்ததுமே வராம 1936ல வந்ததுக்கு ஒரு காரணம் வேணுமில்ல. காந்தி 1925ல கன்னியாகுமரி வந்தப்போ கடல் தாண்டி இங்கிலாந்து போனவர்னு கோயில் உள்ள விடல. 1937 ஜனவரில திரும்ப வந்தாரு, எல்லாரோடயும் சேந்து உள்ள போனாரு.

அடுத்து தேரூர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பொறந்த ஊரு (1876). குளத்துல ஏகப்பட்ட பறவை, வயலோரமா நல்ல ரோடு, நடந்தே போயிட்டேன். 'தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு' எழுதுனவர்னுதான் நம்ம எல்லாருக்கும் தெரியும். அவர் எழுதுனதுல எனக்குப் பிடிச்சது அது இல்ல, நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம். செம நக்கல். ஒரு பெரிய வீட்டுக்காரரோட அஞ்சாவது பொண்டாட்டி தன் கதைய தானே சொல்லி அழுறா, படிக்கிறப்போ சிரிப்பும் வரும், கூடவே எரிச்சலும் வரும்.

மருமக்கள் வழின்னா சொத்து மகனுக்குப் போகாது, அக்கா தங்கச்சி மகனுக்குப் போகும். நாயர்களுக்கு மட்டும்னு நெனைச்சிருப்பீங்க, நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களும் தமிழ் பேசிக்கிட்டே இந்த முறைலதான் இருந்தாங்க. அப்பா செத்தா அடுத்த நாளே மருமகன் வந்து சாவிய வாங்கிக்குவான், பொண்டாட்டி புள்ளைங்க மூட்டை கட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போகணும். பிரெண்டோட அப்பா சொன்னாரு, "எங்க தாத்தா காலத்துல அப்பனும் மவனும் ஒரே கோர்ட்டுல எதிரெதிரா நிப்பாங்க கேட்டியளா, வக்கீல் மட்டுந்தான் வசதியா இருந்தான்."

இது சும்மா இருந்த முறை இல்ல, ஒரு காலத்துல அதுக்கு அர்த்தம் இருந்துருக்கு. கூட்டு நெலம், பெரிய தறவாடு (கூட்டுக் குடும்பம்), பிரிச்சா எல்லாரும் நாசம். ஆனா 1900 வாக்குல பசங்க இங்கிலீஷ் படிச்சு சர்க்கார் ஆபீஸ்ல, கோர்ட்ல, ஸ்கூல்ல சம்பளத்துக்குப் போனாங்க. சம்பளம் நெலத்துலேர்ந்து வரல, தறவாட்டு காரணவர் (குடும்பத் தலைவர்) குடுக்கல. தான் சம்பாதிச்ச காச தன் புள்ளைக்குக் குடுக்காம அக்கா மகனுக்கு ஏன் குடுக்கணும்? இந்தக் கேள்வி வந்ததுக்கப்புறம் அந்த முறை நிக்காது. கவிமணி 1917, 18 வாக்குல எழுதுனாரு, 1926ல நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்துச்சு. நாயர்களுக்கு 1912, 1925ன்னு ரெண்டு சட்டம். கடைசியா கேரளாவுல கூட்டுக் குடும்ப முறைய மொத்தமா ஒழிச்ச சட்டம் 1975ல.

கவிதையால மாறுச்சா, சம்பளத்தால மாறுச்சான்னு கேட்டா நான் சம்பளம்னுதான் சொல்லுவேன். ஆனா கவிதை ஒண்ணு செஞ்சிருக்கு. வீட்டுக்குள்ள பொலம்பிட்டு இருந்தத ஊரே சத்தமா சிரிக்கிற மாதிரி ஆக்கிருச்சு. நாலு பேரு சிரிச்சுட்டா அப்புறம் அத சாஸ்திரம்னு சொல்லிக் காப்பாத்த முடியாது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துது. மருமக்கள் வழில பொம்பளைக்கு புருஷன் வீட்டுல ஒண்ணும் கெடையாது, சரி, ஆனா பொறந்த வீட்டுல உரிமை இருந்துச்சு, வம்சமே அவ வழிதான். மக்கள் வழி வந்ததும் மகனுக்கு சொத்து, மகளுக்கு வரதட்சணை. இன்னைக்கு நாகர்கோவில் பக்கம் கல்யாணத்துக்குக் கேக்குற நகைக் கணக்கு கேட்டா மயக்கம் வரும். சீர்திருத்தம்னு வந்ததுல பொம்பளைக்கு ஒரு கையால குடுத்து இன்னொரு கையால வாங்கிட்டாங்க. இத பிரெண்டோட அம்மாகிட்ட சொன்னேன், அவங்க அடுப்படிலேர்ந்தே "அதுக்குத்தான் நான் எம்மவள நர்சிங் படிக்க வச்சேன்"னாங்க, அவ்ளோதான் பேச்சு முடிஞ்சுது.

செவ்வாய்

பத்மநாபபுரம். அரண்மனை தமிழ்நாட்டுல, நிர்வாகம் கேரளா தொல்லியல் துறை, உள்ள போர்டெல்லாம் மலையாளம். தரை கருப்பா மூஞ்சி தெரியுற மாதிரி மின்னுது, தேங்காச் சிரட்டைக் கரி, முட்ட வெள்ளைக்கருன்னு கைடு ஒரு லிஸ்ட் சொல்லுவாரு. நல்லாருக்கு, போய்ப் பாருங்க, மரவேலைக்காகவே போகலாம்.

எனக்கு இங்க முக்கியமா பட்டது 18ம் நூற்றாண்டு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா. அவருக்கு எதிரா சண்டைக்கு நின்னது யாருன்னா, முந்துன ராஜாவோட சொந்த மகனுங்க, 'தம்பி'ங்கிற பட்டப் பேர் வச்சவங்க. மருமக்கள் வழில மருமகன் ராஜா, மகனுக்கு ஒண்ணுமில்ல. நேத்து பாத்த கோர்ட் கேஸோட பெரிய சைஸ், அவ்ளோதான். அவங்கள முடிச்சாரு, 1741ல குளச்சல்ல டச்சுக்காரங்கள தோக்கடிச்சாரு, புடிபட்ட டிலனாய்ய தன் படைக்கே தளபதி ஆக்குனாரு. டிலனாய் கல்லறை பக்கத்துல உதயகிரிக் கோட்டைக்குள்ள இருக்கு, லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதிருக்கு, 1777ல செத்தாரு. போனேன், வெயில், மான் பாத்தேன், வந்துட்டேன்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். பெரிய படை, பெரிய கோட்டை, மொளகு வியாபாரம் மொத்தமும் சர்க்கார் கையிலன்னு ராஜ்யம் பலமான அதே நேரத்துலதான் கீழ இருந்தவன் மேல வரியும் ஊழியமும் ஏறுச்சு. அப்புறம் 1805 ஒப்பந்தத்துல கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷம் 8 லட்சம் கப்பம். அந்தக் காச யார்கிட்டேர்ந்து எடுத்துருப்பாங்க? காலம் போகப் போக தானா எல்லாம் நல்லதா மாறும்னு ஒரு நெனப்பு நமக்கு இருக்கு. 1700ல இருந்த பனையேறிய விட 1800ல இருந்தவன் பாடு மோசம்.

புதன்

இன்னைக்கு மேற்குப் பக்கம், வேற நாடு மாதிரி இருக்கு. தமிழே மலையாள வாசனை. டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்ல, காலைல பாதி பஸ் சுடிதார்ல வேலைக்குப் போற பொண்ணுங்க.

நெய்யூர் ஆஸ்பத்திரி வாசல்ல கொஞ்சம் நின்னேன், 1838ல ஆரம்பிச்ச மருத்துவ மிஷன். 1922, 24 எவரெஸ்ட் டீம்ல இருந்த சோமர்வெல், மலைய விட்டுட்டு இங்க வந்து வருஷக்கணக்கா ஆபரேஷன் பண்ணிட்டு இருந்தாரு. நர்ஸ் வேலைங்கிறது இந்த ஊரோட ரத்தத்துல ஊறுனதுக்கு இந்த மாதிரி இடங்கதான் காரணம். இப்ப நர்ஸ் இல்லாத தெரு இல்ல. குவைத், சவூதி, அயர்லாந்து.

மார்த்தாண்டம் ஒரே டிராபிக், பாலம் கட்டியும் டிராபிக். 1954 ஆகஸ்ட் 11ல இங்கயும் புதுக்கடைலயும் துப்பாக்கிச் சூடு நடந்துச்சு, தமிழ்நாட்டோட சேரணும்னு நேசமணி தலைமைல நடந்த போராட்டத்துல. 1956 நவம்பர் 1 தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் இந்தப் பக்கம் வந்துச்சு. ஆளுங்க போறதுக்கு இடம் தேடுனது போய் மாவட்டமே கெளம்பி வந்த கதை. மத்தியானம் மரச்சீனிக் கெழங்கும் மீன் கொழம்பும். இந்தக் கெழங்க ஊர் முழுக்கப் பரப்புனவர் விசாகம் திருநாள் மகாராஜா, 1880கள்ல. அவர் பண்ணதுலயே ருசியான காரியம்.

குலசேகரம் தாண்டுனா ரப்பர்தான். பனை எங்கன்னு தேடணும். பிரெண்டோட மாமாவுக்கு சின்ன தோட்டம், விடியக்காலைல வெட்டுறத பாக்கணும்னா நேத்தே வந்துருக்கணும், நான் போறப்போ பால் எடுத்துட்டு இருந்தாங்க. பட்டைல சாய்வா மெல்லிசா ஒரு கோடு, அதுக்குக் கீழ சிரட்டை, வெள்ளையா பால் சொட்டுது. சிரட்டைல காஞ்சு ஒட்டிக்கிட்டது ஒட்டுப்பால், அதையும் உருட்டித் தனியா எடுத்து வைக்கிறாங்க, அதுக்கும் வெலை உண்டு. பால ட்ரேல ஊத்தி ஆசிட் கலந்தா தயிர் மாதிரி உறையுது, ரோலர்ல விட்டா ஷீட், அப்புறம் பொகைக் கூடம்.

அரசு ரப்பர் கழகத் தோட்டங்கள்ல வேலைக்கு வச்சது யாரன்னா, 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல இலங்கைலேர்ந்து அனுப்பிச்சவங்கள. ஊர விட்டு சிலோனுக்குப் போனவங்களோட பேரப் புள்ளைங்க. அங்க குடியுரிமை இல்லன்னு சொல்லி, இங்க மலைல கொண்டு வந்து விட்டாங்க. போக இடம் இருக்குறது ஒண்ணு, தள்ளி விடுறது வேற ஒண்ணு. என் கணக்குல இவங்கள எங்க வைக்கிறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

மாமா தோட்டத்துல வெட்டுற அண்ணாச்சிக்கு அறுபது இருக்கும். அவங்க அப்பா பனையேறி, மார்ல தழும்போட செத்தார்னு சொன்னாரு. இவரு பனைய விட்டுட்டு ரப்பருக்கு வந்தாரு. "பனைல இருந்து விழுந்தா சாவு, இதுல விழ ஒண்ணுமில்ல பாத்தியளா." மக குவைத்துல நர்ஸ், மகன் சென்னைல ஐடி. ரெண்டு பேரும் கத்தியத் தொட்டதே இல்ல. கூட ஒரு பையன் நிக்கிறான், ஜார்க்கண்ட், இருபது இருபத்திரண்டு வயசு, அண்ணாச்சிகிட்ட வெட்டு பழகுறான். ஆழமா வெட்டிட்டா மரம் காயம் ஆயிடும், அதுக்கு ஒரு கை வேணும், பையனுக்கு அது வந்துருச்சுன்னு அண்ணாச்சி சொல்றாரு.

மாமாகிட்ட கேட்டேன், இவனுக்குத் தங்க எடம் எல்லாம் எப்படின்னு. முதல்ல பொகைக் கூடத்துக்குப் பக்கத்துல ஒரு ஷெட்ல விட்டுருக்காரு, தண்ணி வெளில, கரண்ட் இல்ல. பையன் ரெண்டு மாசம் பாத்துட்டு, கேரளாவுல ஒரு எஸ்டேட்ல ரூமும் குடுத்து கூலியும் அதிகம், என் ஊர்க்காரன் கூப்பிடுறான், போறேன்னு சொல்லிட்டானாம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வெட்டுறதுக்கு ஆள் வேணுமில்லா. அவுட் ஹவுஸ்ல ரூம் குடுத்துட்டேன், பேன் போட்டாச்சு, கூலியும் ஏத்தியாச்சு. மத்தியானம் சோறு இப்போ எங்கூட உக்காந்துதான் திங்கான்."

ஏழு மணிக்கு வடசேரிக்கு பஸ். ரப்பர் ஷீட் நாத்தம் சட்டை விட்டுப் போகல. நாளைக்கு ட்ரெயின், பேக்ல மட்டிப்பழம் ஒரு சீப்பு, முந்திரிக்கொத்து ரெண்டு பாக்கெட். போக நெனைக்கிறவங்களுக்கு: சாமித்தோப்புக்கு நாகர்கோவில்லேர்ந்து டவுன் பஸ் இருக்கு, துண்டு கையோட எடுத்துட்டுப் போங்க.